விமானப் பிரயாணிகளின் கையொப்ப நோட்டுகள்

நோட்டுகளைச் சேகரிக்கும் அன்பர்களின் கைக்கு அபூர்வமாக வந்து சேரும் பொருள்களுள் ஒன்று, பல தேசத்து நோட்டுகள் முனையோடு முனை செல்லோடேப்பால் ஒட்டப்பட்டு, பேனாவாலும் பென்சிலாலும் பெயர்கள் நெருக்கி எழுதப்பட்டு, ஒரு கைப்பிடிக்குள் அடங்குமாறு சுருட்டி வைக்கப்பட்டிருக்கும் நீண்ட காகிதச் சுருள். புழங்கிக் கசங்கிய நோட்டுக்கு மதிப்புக் குறைவு, அதன்மேல் எழுத்தும் ஏறிவிட்டால் மதிப்பே இல்லை என்று சேகரிப்போரிடையே வழங்கும் பொதுவிதியை நினைத்துக்கொண்டு, இத்தகைய சுருளைக் கண்டவுடன் ஒதுக்கிவிடும் வியாபாரிகளும், அதைவிடக் கேடாக, ஒட்டியவற்றைப் பிரித்து நல்ல நிலையிலுள்ள நோட்டுகளை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை எறிந்துவிடுபவர்களும் உண்டு. இரண்டாம் உலக யுத்தத்தின்போது சமுத்திரங்களை விமானத்தில் கடந்த மனிதர்கள், தங்களோடு பிரயாணம் செய்தவர்களின் கையொப்பங்களைத் தொகுத்து வைத்துக்கொண்ட ஞாபகச் சின்னம் அது; ‘ஷார்ட் ஸ்நார்ட்டர்’ என்பது அதற்கு அமெரிக்கர்கள் இட்ட பெயர். அதனை இனங்காணும் விதத்தையும், படிக்கும் முறையையும், கெடாமல் காக்கும் வகையையும் இந்த அத்தியாயத்தில் சற்று விரிவாகவே எடுத்துரைக்க விரும்புகிறேன்.

இந்தச் சம்பிரதாயம் யுத்தத்தில் பிறந்ததன்று. 1920-களில் அலாஸ்காவின் பனிவெளிகளில் சிறு விமானங்களை ஓட்டித் திரிந்தவர்களிடையே இது தோன்றியதாகக் கூறுவர். ‘ஸ்நார்ட்’ என்றால் ஒரு மிடறு மது. முழு அளவுக்குக் குறைந்த மிடறு ‘ஷார்ட் ஸ்நார்ட்’. அந்தச் சிறு மிடற்றைப் பந்தயமாக வைத்து விமானமோட்டிகள் தமக்குள் ஆடிய விளையாட்டிலிருந்தே பெயர் வந்தது. யுத்த காலத்தில் அது ஒரு சங்கத்தின் தோற்றத்தைப் பெற்றது. தலைமை அலுவலகமோ, காரியதரிசியோ, அங்கத்தினர் ஜாபிதாவோ இல்லாத அந்தச் சங்கத்தில் சேர வேண்டுமானால், விமானத்தில் ஒரு சமுத்திரத்தைக் கடந்திருக்க வேண்டும். ஏற்கனவே அங்கத்தினராயிருக்கும் சிலர் புதியவனுடைய டாலர் நோட்டில் கையொப்பமிட்டு அவனைச் சேர்த்துக்கொள்வார்கள். அந்த உபகாரத்துக்காக அவன் அவர்களுக்குத் தலைக்கு ஒரு டாலரோ ஒரு மிடறு மதுவோ கொடுத்துவிட வேண்டும். எத்தனை பேர் கையொப்பமிட வேண்டும் என்பதில் இடத்துக்கு இடம் வழக்கம் மாறுபட்டது. ஆனால் ஒரு விதி மட்டும் எங்கும் கண்டிப்பாக நின்றது. அங்கத்தினன் எந்த நேரத்திலும் தன் நோட்டைத் தன்னிடம் வைத்திருக்க வேண்டும்; கேட்டவுடன் எடுத்துக் காட்ட இயலாவிட்டால், கேட்டவருக்கு மீண்டும் ஒரு டாலர் அல்லது ஒரு மிடறு அபராதம். சட்டைப் பையிலும் பணப்பையிலும் வருஷக்கணக்காகக் கிடந்து, வியர்வையும் மழையும் பட்டு, மடிப்புகளில் கிழிந்து இந்த நோட்டுகள் நம்மை வந்தடைவதற்குக் காரணம் இந்த விதியே. ஆகையால் கசங்கலை இவற்றுக்கு ஒரு குறையாகக் கொள்ளலாகாது.

வேடிக்கையாய்த் தொடங்கிய வழக்கத்தை யுத்தம் உலகம் முழுவதும் பரப்பியதோடு, அதற்கு ஒரு கனத்தையும் கொடுத்தது. அதற்கு முன் சமுத்திரத்தை ஆகாய மார்க்கமாகக் கடந்தவர்கள் மிகச் சிலரே. 1942-ஆம் வருஷத்தில் அமெரிக்க ராணுவம் தன் விமானப் போக்குவரத்துப் படையை அமைத்த பிறகு, வயலிலும் தொழிற்சாலையிலும் வேலை செய்துகொண்டிருந்த ஆயிரக்கணக்கான இளைஞர்கள், பிறந்த ஊரை விட்டு அதிக தூரம் போயறியாதவர்கள், சில நாட்களுக்குள் மூன்று கண்டங்களின் மண்ணை மிதிக்க நேர்ந்தது. பக்கத்து ஆசனத்தில் இருப்பவன் நாளை எங்கே இருப்பான், இருப்பானா என்பதே தெரியாத நிலையில், அவன் பெயரைத் தன்னிடமிருக்கும் ஒரு காகிதத்தில் எழுதி வாங்கிக்கொள்வது மனிதனுக்கு இயல்பான ஆசை. எல்லோரிடமும் தவறாமல் இருக்கும் காகிதம் நோட்டு. அது உறுதியான காகிதமும் ஆகும். டாலர் நோட்டில் இடம் தீர்ந்ததும், இறங்கிய ஊரில் கிடைத்த அவ்வூர் நோட்டு ஒன்றை அதன் முனையில் ஒட்டிக்கொண்டு மேலும் எழுதி வாங்கினார்கள். இப்படியே சுருள் வளர்ந்தது.

இனி, கையில் சுருள் கிடைத்தவர் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். முதலில் ஒரு கையொப்பத்தையும் படிக்க முற்படாமல், நோட்டுகளை மட்டும் வரிசையாகக் குறித்துக்கொள்ளுங்கள். ஏனெனில், அந்த வரிசை பெரும்பாலும் பிரயாண மார்க்கத்தையே தெரிவித்துவிடும். பிரேஸில் நோட்டும், அதையடுத்து மேற்கு ஆப்பிரிக்கக் கரன்ஸி போர்டாரின் ஷில்லிங் நோட்டும், அதன் பின் எகிப்தின் பியாஸ்டர் நோட்டும், முடிவில் இந்திய ரூபாய் நோட்டும் காணப்பட்டால், அந்த மனிதர் தென் அட்லாண்டிக் மார்க்கத்தில் வந்தவர் என்று துணியலாம். மயாமியிலிருந்து புறப்பட்டு, பிரேஸிலின் பெலெம், நட்டால் நகரங்களைத் தொட்டு, 1942 ஜூலையில் திறக்கப்பட்ட அஸென்ஷன் தீவின் விமான நிலையத்தில் பெட்ரோல் நிரப்பிக்கொண்டு, அக்ராவில் கரையேறி, ஆப்பிரிக்காவைக் குறுக்கே கடந்து, கார்ட்டூம் வழியாகக் கெய்ரோவுக்கோ ஏடனுக்கோ சென்று, கராச்சியை அடைவது அந்த மார்க்கம். ஐஸ்லாந்து நோட்டையடுத்து பிரிட்டிஷ் பத்து ஷில்லிங் நோட்டு வந்தால், கூஸ் பே, கிரீன்லாந்து, ஐஸ்லாந்து, பிரஸ்ட்விக் என்ற வடக்கு மார்க்கம். ஃபிஜி நோட்டும், நியூ கலிடோனியாவின் பிராங்க் நோட்டும், ஆஸ்திரேலிய ஷில்லிங் நோட்டும் பசிபிக் மார்க்கத்தைக் காட்டும். இந்திய நோட்டும் சீனத்து மத்திய வங்கி நோட்டும் அடுத்தடுத்து வந்தாலோ, அஸ்ஸாமின் சபுவா, தின்ஜான், ஜோர்ஹாட் போன்ற தளங்களிலிருந்து இமயத்தின் கிழக்குத் தொடர்களைத் தாண்டிக் குன்மிங் சென்ற விமானங்களை நினைவுகொள்ள வேண்டும். 1942 முதல் 1945 வரை ஏறக்குறைய ஆறரை லட்சம் டன் பண்டங்கள் சீனத்துக்குப் போய்ச் சேர்ந்த அந்த மலை மார்க்கத்தில் விபத்துக்குள்ளாகி இறந்தவர் பலர். அத்தகைய சுருளில் காணும் பெயர்களைக் கூடுதல் மரியாதையோடு படிப்பது தகும்.

ஒட்டிய வரிசையே கால வரிசை என்று மட்டும் கொண்டுவிடாதீர்கள். சிலர் இரண்டு முனைகளிலும் ஒட்டினார்கள். சிலர் யுத்தம் முடிந்து வீடு திரும்பிய பின், பெட்டியில் தனித்தனியாகக் கிடந்தவற்றைச் சேர்த்து ஒட்டினார்கள். இதைத் தெளிந்துகொள்ள நோட்டுகளின் வயதையே சாட்சியாக அழைக்க வேண்டும். கையொப்பத்தின் தேதி அது எழுதப்பட்ட நோட்டின் பிறப்பிற்கு முந்தியதாக இருக்க முடியாது என்பது எளிய நியாயம்; மோசடிகளிற் பெரும்பாலானவை இந்த ஒரு நியாயத்தின் முன் நிற்பதில்லை. 

அமெரிக்க ஒரு டாலர் நோட்டை எடுத்துக்கொள்வோம். யுத்தகாலச் சுருள்களில் தலைநோட்டாக அதிகம் காணப்படுவது, பொக்கிஷதார் ஜூலியன், நிதி மந்திரி மார்கெந்தௌ ஆகிய இருவரின் கையொப்பங்கள் அச்சிடப்பட்ட, நீல முத்திரையுள்ள 1935ஏ வரிசை. 1935பி வரிசையில் மந்திரி வின்சனின் ஒப்பம் இருக்கும். அவர் 1945 ஜூலையில்தான் பதவியேற்றார். 1935சி வரிசையில் உள்ளது ஸ்னைடரின் ஒப்பம். அவர் 1946-இல் வந்தவர். ஆகவே 1935சி நோட்டொன்றில் 1943-ஆம் வருஷத்துத் தேதியோடு ஒரு சேனாபதியின் பெயர் காணப்பட்டால், அதற்கு மேல் ஆராய வேண்டிய அவசியமே இல்லை. கடவுளை நம்புகிறோம் என்ற பொருள்படும் வாசகம் அச்சிடப்பட்ட ஒரு டாலர் நோட்டுகளோ 1957-ஆம் வருஷத்திலிருந்தே வெளிவந்தவை. பழுப்பு முத்திரையோடு ‘ஹவாய்’ என்று பெரிய எழுத்துக்களில் மேலச்சிட்ட நோட்டுகள், அத்தீவுகள் எதிரி கைப்பட்டால் அங்குள்ள பணத்தைச் செல்லாததாக்கிவிடும் பொருட்டு 1942 ஜூலையில் வெளியிடப்பட்டவை. அதே நோக்கத்தோடு மஞ்சள் முத்திரையிட்டு அச்சான நோட்டுகள், 1942 நவம்பரில் வட ஆப்பிரிக்காவில் இறங்கிய படைகளோடு சென்றவை. நேச நாட்டு ராணுவ லிரா நோட்டு 1943 ஜூலையில் சிஸிலியில் படைகள் இறங்கியதற்கு முந்தியதாகாது. முதுகில் ‘விக்டரி’ என்று மேலச்சிட்ட பிலிப்பைன் நோட்டு, 1944 அக்டோபரில் லெய்ட்டேயில் அமெரிக்கர்கள் கரையேறியதற்கு முந்தியதாகாது. 

ஜப்பானியர் தாம் கைப்பற்றிய நாடுகளில் வழங்கிய நோட்டுகளும் சுருள்களில் மிகுதியாக அகப்படும். அவற்றில் அச்சிட்ட எழுத்துக் குறியீட்டின் முதலெழுத்தைப் பார்த்தால் தேசம் விளங்கும்: மலாயாவுக்கு ‘எம்’, பிலிப்பைனுக்கு ‘பி’ என்னும் ஆங்கில வரிசையின் பதினாறாம் எழுத்து, பர்மாவுக்கு அவ்வரிசையின் இரண்டாம் எழுத்து, பசிபிக் தீவுகளுக்கு ‘ஓ’, டச்சு இந்தியத் தீவுகளுக்கு ‘எஸ்’. மலாயாவில் இருந்த நம்மவர்கள் வாழைமர நோட்டு என்று துன்பத்தோடு நினைவுகூரும் பத்து டாலர் நோட்டும் இவற்றில் அடக்கம். விமானப் படையினர் இவற்றைச் செலவழிக்கவில்லை. பிடிபட்ட இடத்தின் அடையாளமாக எடுத்துவந்து எழுதி வாங்கினார்கள்.

நம் பக்கத்து நோட்டுகளைப் பற்றி விசேஷமாகச் சில சொற்கள் சொல்ல வேண்டும். வெள்ளி ரூபாயை மக்கள் பதுக்கியதனால் ஏற்பட்ட தட்டுப்பாட்டைப் போக்க 1940-இல் அச்சான ஒரு ரூபாய் நோட்டும், 1943-இல் ரிசர்வ் வங்கி வெளியிட்ட இரண்டு ரூபாய் நோட்டும் அமெரிக்கச் சுருள்களில் அடிக்கடி தென்படுகின்றன. ரிசர்வ் வங்கி நோட்டில் கவர்னர் டெய்லரின் கையொப்பம் இருந்தால் அது ஒரு காலம். தேஷ்முக்கின் கையொப்பம் இருந்தால், அவர் பதவியேற்ற 1943 ஆகஸ்டுக்குப் பிற்பட்டது. இந்திய நோட்டின் மேல் பர்மா ராணுவ நிர்வாகத்தின் பெயரோடு, பர்மாவில் மட்டும் செல்லும் என்று மேலச்சிட்டிருந்தால், 1945-இல் அந்நாட்டை மீட்ட படையோடு தொடர்புடையது. இந்நோட்டுகளின் பின்புறத்தில் மற்ற மொழிகளோடு தமிழிலும் தொகை அச்சாகியிருப்பதால், அயோவாவிலும் டெக்ஸாஸிலும் உள்ள வீடுகளில் நம் எழுத்து பல்லாண்டுகளாகப் படிப்பார் இல்லாமல் பெட்டிக்குள் கிடந்திருக்கிறது. இலங்கை அரசாங்கத்து நோட்டுகளிலும் தமிழ் உண்டு. அவற்றில் வருஷம் மட்டுமன்றி நாளும் மாதமும் சேர்த்தே அச்சிட்டிருப்பதால், காலத்தை நிர்ணயிப்பதற்கு அவற்றைப்போல் உதவும் நோட்டு வேறில்லை. 1944 ஏப்ரலில் தென்கிழக்காசியப் படைத் தலைமை கண்டிக்கு மாறியபின், அங்கே வந்துபோனவர்களின் சுருள்களில் இலங்கை ரூபாயும், 1942 முதல் வெளிவந்த சிறிய சத நோட்டுகளும் இடம்பெறலாயின.

இலங்கையைக் குறிப்பிட்டபோது, நோட்டு அல்லவெனினும் இதற்கு நெருங்கிய உறவான ஒரு பொருளையும் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூர் வீழ்ந்தபின் அறுந்துபோன ஆஸ்திரேலியத் தொடர்பை மீட்பதற்காக, குவாண்டாஸ் கம்பெனியார் 1943 முதல் 1945 வரை, பெர்த் நகரத்து ஆற்றிலிருந்து காலிக்கு அருகிலுள்ள கொக்கலை ஏரிக்குக் காட்டலினா நீர்விமானங்களை இடையே எங்கும் இறங்காமல் ஓட்டினார்கள். பெட்ரோலின் பாரத்தினால் மூன்று பிரயாணிகளுக்கு மேல் ஏற்ற இயலாத அந்த விமானங்கள், ரேடியோவை மௌனமாக்கிக்கொண்டு, நட்சத்திரங்களைப் பார்த்தே திசை கண்டு, இருபத்தேழு மணி முதல் முப்பது மணிக்கும் மேலாகப் பறந்தன. ஒரே பிரயாணத்தில் இரண்டு சூரியோதயங்களைக் கண்டவர்களுக்கு, ‘இரட்டைச் சூரியோதய ரகசியச் சங்க’த்தார் என்று ஒரு பத்திரம் வழங்கப்பட்டது. அத்தகைய பத்திரம் ஒரு சுருளோடு சேர்ந்து கிடைத்தால், இரண்டையும் ஒருபோதும் பிரித்து விற்கவோ வைக்கவோ கூடாது.

காலம் தெளிந்தபின் மையைப் பாருங்கள். உண்மையான யுத்தகாலக் கையொப்பங்களில் ஊற்றுப் பேனாவின் மையும் பென்சிலுமே மிகுதி. ஒரே விமானத்தில் கைமாறிய ஒரே பேனாவால் நாலைந்து பேர் எழுதியிருப்பதும், கால்முட்டியின் மேல் வைத்து எழுதியதால் எழுத்து குலுங்கியிருப்பதும் நல்ல அடையாளங்கள். உருளைமுனைப் பேனா அமெரிக்கக் கடைகளில் விற்பனைக்கு வந்தது 1945 அக்டோபர் இறுதியில். அதற்கு முன்பே அர்ஜெண்டினாவில் பீரோ என்பவரின் உருளைமுனைப் பேனா வெளிவந்துவிட்டதாலும், பிரிட்டிஷ் விமானப் படையினர் சிலர் அதைப் பெற்றிருந்ததாலும், அந்த மை கண்ட மாத்திரத்தில் பொய் என்று தள்ள வேண்டாம். ஆனால் அமெரிக்கச் சுருளில் 1943-ஆம் வருஷத் தேதிக்குக் கீழே அது காணப்பட்டால் பலமாகச் சந்தேகிக்கலாம். தேதியைப் படிப்பதிலும் ஜாக்கிரதை தேவை. ஆங்கிலேயரும் ஆஸ்திரேலியரும் நாளை முதலிலும், அமெரிக்கர்களில் அநேகர் மாதத்தை முதலிலும் எழுதுவார்கள். 5-8-43 என்பது ஒருவருக்கு ஆகஸ்டு, மற்றவருக்கு மே.

பிரபலஸ்தர்களின் பெயர் தென்பட்டால், அங்கேதான் ஆசையை அடக்கிப் பொறுமையைக் கைக்கொள்ள வேண்டும். ரூஸ்வெல்ட் 1943 ஜனவரியில் ‘டிக்ஸி கிளிப்பர்’ என்ற நீர்விமானத்தில் அட்லாண்டிக்கைத் தாண்டிக் காஸபிளாங்கா மகாநாட்டுக்குச் சென்று, பதவியிலிருக்கும்போதே ஆகாயத்தில் பறந்த முதல் அமெரிக்க ஜனாதிபதி என்ற பெயரைப் பெற்றார். அவரோடு சென்ற ஆலோசகர் ஹாரி ஹாப்கின்ஸ் வைத்திருந்த நோட்டு இவ்வகையில் மிகவும் புகழ்பெற்றது. சிப்பாய்களை மகிழ்விக்கச் சென்ற நடிகர்களும் ஏராளமாகக் கையொப்பமிட்டார்கள். பாப் ஹோப் 1943-இல் இங்கிலாந்துக்கும் வட ஆப்பிரிக்காவுக்கும் சிஸிலிக்கும், 1944-இல் தென் பசிபிக்குக்கும் சென்றார். மார்லீன் டீட்ரிச் 1944-இல் வட ஆப்பிரிக்காவிலும் இத்தாலியிலும் இருந்தார். அவர்கள் பெயருள்ள நோட்டு எந்த ஊரில், எந்த மாதத்தில் எழுதப்பட்டதாகத் தோன்றுகிறதோ, அந்த ஊரில் அந்த மாதத்தில் அவர்கள் இருந்தார்களா என்று பார்ப்பதே முதற் சோதனை. கையெழுத்து ஒப்பீடு அதற்கு அடுத்தபடிதான். பெரிய பெயர் ஒன்று சுற்றிலும் வேறு பெயரில்லாமல் நோட்டின் நடுவே அழகாக அமர்ந்திருந்தால் எனக்கு நம்பிக்கை குறைகிறது. நெருக்கத்தில், மூலையில், சாதாரணச் சிப்பாய்களின் பெயர்களுக்கிடையே அகப்பட்டால் கூடுகிறது.

ஆனால், இந்தக் கலையின் சாரம் பிரபலஸ்தர்களிடம் இல்லை என்பதே என் உறுதியான அபிப்பிராயம். யாரென்று தெரியாத மனிதர்களின் பெயர்களை ஒவ்வொன்றாக மீட்டெடுப்பதில்தான் இருக்கிறது. அதற்குச் சுருளே உதவி செய்யும். பெயருக்குப் பின் அமெரிக்க ராணுவ எண் இருந்தால், ‘ஓ’ என்று தொடங்குவது அதிகாரியையும், மூன்று என்ற இலக்கத்தில் தொடங்குவது கட்டாயச் சேவைக்கு அழைக்கப்பட்ட சிப்பாயையும், ஒன்று என்ற இலக்கத்தில் தொடங்குவது தாமாகச் சேர்ந்தவரையும் பெரும்பாலும் குறிக்கும். பதவிச் சுருக்கத்தையும், படைப்பிரிவின் பெயரையும், ராணுவத் தபால் நிலைய எண்ணையும், சொந்த ஊரையும் சேர்த்து எழுதியவர்கள் உண்டு. அந்தத் தபால் நிலைய எண் எந்த மாதத்தில் எந்த ஊருக்கு உரியதாயிருந்தது என்பதை யுத்தகாலப் பட்டியல்களிலிருந்து அறியலாம். ஒரே தேதியுள்ள பெயர்களை ஒன்றாகத் தொகுத்தால், ஒரு விமானத்தில் ஒன்றாக ஏறியவர்கள் ஒரு குழுவாக எழுந்து நிற்பார்கள். அவர்களில் ஒருவரை நிச்சயமாக அடையாளம் கண்டுவிட்டால் போதும், மற்றவர்களைத் தேடும் வழி திறந்துகொள்ளும். படிக்க முடியாத எழுத்தை ஊகத்தால் நிரப்பாமல், புள்ளியிட்டு விட்டுவிடுங்கள். தவறாகப் படியெடுத்த பெயர், படிக்கப்படாத பெயரைவிட அதிகத் தீங்கு செய்யும்.

பாதுகாக்கும் முறைக்கு வருவோம். முதல் விதி, பிரிக்காதீர்கள். பழைய செல்லோடேப் மஞ்சளித்து, அதன் பசை காகிதத்துக்குள் ஊறியிருக்கும். அதை உரித்தால் காகிதத்தின் மேற்படலமும் அதிலுள்ள எழுத்தும் சேர்ந்து வந்துவிடும். பசையைக் கரைக்கும் திரவங்கள் மையையும் கரைக்கும். டேப் தானாகவே உதிர்ந்துவிட்டதென்றால், இணைப்புகளின் வரிசையைப் படத்தோடு குறித்து வைத்துக்கொண்டு, காகிதப் பாதுகாப்பில் பயிற்சிபெற்ற நிபுணரிடம் கொடுங்கள். நீங்கள் புதிய டேப் ஒட்ட வேண்டாம். கழுவுதல், இஸ்திரிப் பெட்டியால் தேய்த்தல், அழிரப்பரால் அழுக்கெடுத்தல் ஆகியவற்றை அறவே விலக்க வேண்டும். லாமினேஷன் செய்வது மீட்க முடியாத நாசம்; அன்பின் மிகுதியால் பாட்டனாரின் ஞாபகப் பொருளை இவ்வாறு கெடுத்தவர்களைப் பற்றி நினைத்தாலே மனம் நோகிறது. இறுகிச் சுருண்ட சுருளை வலிந்து நீட்டாமல், ஒரு நாளைக்குச் சிறிதாகத் தளர்த்தித் திறக்க வேண்டும்.

வைத்துக்கொள்வதற்குத் தெளிவான பாலியெஸ்டர் உறையே உகந்தது; பி.வி.சி. உறைகள் நாளடைவில் பிசுபிசுத்து மையைத் தொட்டுக்கொள்ளும். அமிலமற்ற அட்டைப் பெட்டியில், விசிறி மடிப்பாக, டேப்பின் பசை மற்றொரு நோட்டில் படாதபடி இடையே மெல்லிய அமிலமற்ற தாள் வைத்து அடக்குங்கள். சென்னை, யாழ்ப்பாணம் போன்ற கடலோர ஊர்களில் ஈரமே முதற் பகை. வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியிலும், காற்றுப் புகாத இரும்புப் பெட்டியிலும் வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். ராமபாணப் பூச்சிக்காக ரசகற்பூர உருண்டைகளை நோட்டோடு சேர்த்து வைப்பதும் நல்லதன்று. பெட்டியை மாதந்தோறும் திறந்து பார்ப்பதே நம்பத் தகுந்த காவல். சட்டமிட்டுச் சுவரில் மாட்ட விரும்பினால் நல்ல வர்ணப் பிரதியை மாட்டுங்கள். வெளிச்சத்தில் பழைய மை வெளுத்துவிடும்.

விலையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஐயமற நிரூபிக்கப்பட்ட பெரிய பெயருள்ள நோட்டுகள் ஏலங்களில் பெருந்தொகை பெறும்; மற்றவை சாதாரண வருமானமுடையோரும் வாங்கத்தக்க விலைக்கே கிடைக்கும். வாங்குகையில், யாருடைய சுருள் என்று சொல்லும் கடிதமோ, சேவைப் பத்திரமோ, புகைப்படமோ உடன் வருகிறதா என்று கேளுங்கள். அப்படி வருமானால் சற்றுக் கூடுதலாகக் கொடுப்பது நியாயம். பெயர் தெரிந்த சுருள், பெயர் தெரியாத சுருளைவிட எப்போதும் மேலானது.

எந்தச் சுருள் உங்களிடம் வந்தாலும், உறையிலிடுவதற்கு முன்பாக இருபுறமும் ஒவ்வொரு நோட்டாகப் படமெடுத்து, பெயர்களையும் தேதிகளையும் இடங்களையும் ஒரு நோட்டுப்புத்தகத்தில் வரிசையாகப் படியெடுங்கள். மங்கிய பென்சில் எழுத்தைச் சாய்ந்த வெளிச்சத்திலும், வெளுத்த மை எழுத்தைப் புற ஊதா விளக்கிலும் மறுமுறை பாருங்கள். அந்தப் படியின் ஒரு பிரதியைச் சுருளோடு வையுங்கள். மற்றொன்றை, அப்பெயர்களுக்குரியவர்களின் குடும்பத்தார் எவரேனும் கேட்டு வந்தால் தயங்காமல் கொடுங்கள்.